சக்களத்திக் குரல்

பல்மீராவுக்கு முன்னால் என்னைத்தான் அந்தச் சினிமாக்காரர்கள் பார்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனெஸ் வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று பிறகு யாரும் முணுமுணுக்க வேண்டாம். வயிற்றெரிச்சல் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ரோமில், தெஸ்தாச்சோவில், கசாப்புக்கூடத்துக்கு அடுத்த தெருவில் எங்கள் கட்டடம். நடுவில் முற்றம், சுற்றிலும் ஐந்து மாடி. மூன்றாம் மாடியில் பல்மீரா வீடும் என் வீடும் ஒட்டி இருந்தன. இடையில் ஒரு சுவர்தான், அதுவும் மெல்லிய சுவர். நான் வீடுகளுக்குத் துணி இஸ்திரி போட்டுக் கொடுப்பவள். அவள் சந்தையில் உப்பு மீன் விற்பவள். பலகை போலக் காய்ந்து வரும் மீனைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, உப்பு இறங்கியதும் வெட்டிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்பதால் அன்றைக்கு அவள் கடை முன்னால் தெருக்கோடி வரை கூட்டம் நிற்கும்.

அவள் குரலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. பனிக்காலத்தில் ஈரத்தில் நின்று கூவிக் கூவி, தொண்டை தேய்ந்து, தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தமாகிவிட்டது. அவள் கீழே முற்றத்தில் “யாரு என் வாளிய எடுத்தது?” என்று கேட்டால் ஐந்தாம் மாடியில் தூங்குகிறவன் “நான் எடுக்கல!” என்று எழுந்து உட்காருவான்.

அவள் புருஷன் ஒரெஸ்தே டிராம் ஓட்டுபவன். நல்ல குரல் என்றால் உயிரை விடுவான். ரேடியோவில் ஒருத்தி பாட ஆரம்பித்தால் தட்டில் சூப்பு ஆறிப்போகும். அப்படிப்பட்டவன் இவளை எப்படிக் கட்டினான்? இவள் அவன் டிராமில் ஏறி இறங்கிய அந்த மாதம் இவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள், ஒரு வார்த்தை பேச முடியாது. கண்ணால் பார்ப்பாள், அவ்வளவுதான். என்ன அடக்கமான பெண் என்று அவன் விழுந்தான். பல்லைப் பிடுங்கி அவள் வாயைத் திறப்பதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் குறை சொல்லக் கூடாது, பதினோரு வருஷம் நன்றாகத்தான் குடித்தனம் செய்தார்கள்.

அப்போதுதான் சினிமாக்காரர்கள் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். ஒரு கொத்தனார், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், பட்டணத்தில் குடும்பம் நடத்துகிற பாடு, இடையில் அவனுக்கு ஒரு டைப்பிஸ்ட் மேல் மயக்கம், கடைசியில் பெண்டாட்டி படிக்கட்டில் நின்று அவனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். இதுதான் கதை. கொத்தனாராக நடிக்க நிஜ நடிகர் இருந்தார். பெண்டாட்டிக்கு மட்டும் நடிகை வேண்டாம், தெருவில் நடமாடும் ஒரு முகம் வேண்டும் என்றார் இயக்குநர். அந்த நாளில் அதுதான் வழக்கம்.

நான் தலைமுடியைச் சுருட்டிவிட்டு, கஞ்சி போட்ட வெள்ளை ரவிக்கை போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றேன். இயக்குநர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “ரொம்ப நல்லாருக்கீங்கம்மா” என்றார். அதற்குள் வாசலில் பல்மீரா வந்துவிட்டாள். மேல்துணி முழுக்க மீன் செதில், கையில் வாளி, எவனையோ திட்டிக்கொண்டு வந்தாள். அந்த மனுஷர் என்னை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் போய்விட்டார்.

“என் மூஞ்சியா? இதையா?” என்று அவள் சிரித்தாள். “சாமி, உங்க கண்ணாடிய மாத்துங்க.”

எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள். பின்னால் துணி உலர்த்துகிற பெண். படத்தில் என் முழங்கை மட்டும் வந்தது.

பல்மீராவுக்கு வசனம் ஒரு வரிகூட மனசில் நிற்கவில்லை. அதற்கும் அவர்களிடம் வழி இருந்தது. எங்கள் நாட்டுப் படங்களில் எடுக்கும்போது சத்தம் பிடிப்பதில்லை. வாய் அசைந்தால் போதும், பேச்சைப் பிறகு வேறு ஆள் ஒரு அறையில் உட்கார்ந்து சேர்த்துவிடுவார். அதனால் இயக்குநர், எங்கள் பக்கத்து மரியாதைப்படி ‘சோரா’ போட்டுச் சொன்னார்: “சோரா பல்மீரா, வசனத்த விடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே வாங்க. முகத்துல மட்டும் அன்பு இருக்கட்டும்.”

படிக்கட்டுக் காட்சி எடுத்த அன்று நானும் இருந்தேன். அவள் முகம் மட்டும் போதும் என்பதால் அந்த நடிகர் சாப்பிடப் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் ஒரு துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, “இதுதான் உங்க புருஷன், இதப் பாத்து உருகுங்க” என்றார்கள். எப்படி உருகுவாள்? எண்ணினாள், எண்ணினாள், முகம் மீன் தொட்டியை எட்டிப் பார்க்கிறவள் முகமாகவே இருந்தது. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஓரத்தில் நின்று, என்னைக் கூப்பிட்டிருந்தால் துடைப்பத்தையே அழ வைத்திருப்பேன் என்று பொருமிக்கொண்டிருந்தேன். விளக்குக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், மத்தியானச் சாப்பாட்டோடு வந்து நின்ற ஒரெஸ்தே என்று முற்றமே நெரிந்தது. அப்புறம் திடீரென்று ஒரு தடவை அவள் முகம் மாறியது. எப்படி என்று தெரியவில்லை. விளக்குப் பிடித்தவன்கூட வாயைப் பிளந்தான். “இதுதான்! இதுதான்!” என்று இயக்குநர் கத்தினார்.

வசந்த காலத்தில் படம் வந்தது. கட்டடமே கிளம்பிப் போய்ப் பார்த்தோம். திரையில் பல்மீரா படிக்கட்டில் நின்று வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து வேறொருத்தி பேசினாள். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கனிந்த குரல், கொஞ்சம் மூச்சுக் கலந்தது. “மேல வா. சூப்பு ஆறிடும். பிள்ளைங்க தூங்கிடுச்சு” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒரு நொடி நிறுத்தி, “வா, என் உயிரே” என்றாள். கூட்டம் மூக்கை உறிஞ்சியது. பல்மீரா என் விலாவில் இடித்து, “நான் நாப்பது வரைக்கும்கூட ஒழுங்கா எண்ணலடி!” என்று காதில் கத்தினாள். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரெஸ்தே மட்டும் சிரிக்கவில்லை. விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தான். அதற்கு மறுநாளும் போனான். முதலில் எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது, பெண்டாட்டியைத் திரையில் பார்த்து மயங்குகிறான் என்று. பல்மீராவும் பூரித்துப் போனாள். நான்தான் உள்ளுக்குள் புழுங்கினேன். பிறகு ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

“பல்மீரா, கொஞ்சம் மெதுவாப் பேசேன்.”

“எப்படி மெதுவா?”

“சினிமால பேசின மாதிரி.”

பிறகு சத்தமே இல்லை. பல்மீரா வீட்டில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவள் முயற்சி செய்தாள், பாவம். பச்சை முட்டை குடித்தாள், வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தாள். சந்தையில் கூவுவதை நிறுத்தினாள், மீன் விற்காமல் தங்கியது. வீட்டில் கிசுகிசுவென்று பேசிப் பார்த்தாள். அவன் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான்.

படம் பெரிய அரங்குகளிலிருந்து இறங்கிப் பேட்டை பேட்டையாகச் சின்னக் கொட்டகைகளுக்குப் போனது. ஒரெஸ்தேயும் பின்னாலேயே போனான். ஒரு வியாழக்கிழமை அவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. எங்களுக்கு வியாழக்கிழமை என்றால் உருளைக்கிழங்கு ஞோக்கி. காலையிலிருந்து மாவு பிசைந்து, உருட்டி, கொழுக்கட்டை வேகவைப்பது போல வேகவைத்து, குழம்பு ஊற்றி, மேலே பாலாடைக்கட்டி துருவிப்போட்டுச் சாப்பிடுகிற பண்டம். ஆறினால் பசைதான். ரோமில் பிறந்தவன் அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை என்றால் ஒன்று அவன் செத்திருக்க வேண்டும், அல்லது வேறு இடத்தில் மனசு இருக்க வேண்டும். பல்மீரா தட்டோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“வயிறு எரியுதுடி இனெஸ்.”

“யாரு மேல?”

“அவ மேலதான். என் வாய்க்குள்ள பூந்துகிட்டு என் புருஷன மயக்கறாளே, அந்தக் குரல்காரி மேல. ஒரு டைப்பிஸ்ட்டு, ஒரு தையக்காரின்னா வீட்டு வாசல்ல போய் நின்னு மயிரப் பிடிச்சு இழுத்திருப்பேன். இவளுக்கு மூஞ்சியே இல்ல. எதப் பிடிச்சு இழுக்கறது?”

“மூஞ்சி உன்னோடதுதானே.”

“அதாண்டி வயித்தெரிச்சல்! என் மூஞ்சிய வச்சே எனக்குச் சக்களத்தி ஆயிட்டா.”

அந்த வாரமே ஒரெஸ்தே தன் சவரக் கத்தியையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு கர்பத்தெல்லாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனான். காலை டிராமுக்கு அங்கிருந்து பக்கம் என்றான். படமும் அப்போது கர்பத்தெல்லா கொட்டகைக்குப் போயிருந்தது. சட்டைகளை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தேன், என் கையே எரிந்தது. அந்த நாளில் எங்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. விட்டுப் போனவன் போனவன்தான், பெண்டாட்டி பாதி விதவையாகக் கிடக்க வேண்டியதுதான். எங்கள் கட்டடத்திலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

“அவளக் காட்டுடி எனக்கு” என்றாள் பல்மீரா. நான் துணி கொண்டுபோகும் ஒரு வீட்டில் சினிமாவில் வேலை செய்கிறவர் இருந்தார். அவரைக் கேட்டேன். குரல் கொடுத்தவள் பெயர் கார்லோத்தா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சுச் சேர்க்கும் கூடத்தில் வேலை என்றார்.

போனோம். டிராமில் ஏறிய பிறகு பார்த்தால் பல்மீராவின் பையில் மீன் வெட்டும் கத்தி.

“எதுக்குடி இது?”

“பழக்கத்துல எடுத்துட்டேன்.”

பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கூடத்தின் வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்து வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றிக் கம்பளி, கால்கள் வீங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தாள். வாசலைத் தாண்டும்போது அவள் சொன்னாள்: “யாராச்சும் கொஞ்சம் உப்பு தரீங்களா?”

அந்தக் குரல்! பல்மீரா அப்படியே நின்றுவிட்டாள். உப்பு கேட்கும்போதுகூட அவள் குரல் அப்படித்தான் இருந்தது, அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

கார்லோத்தா நிமிர்ந்து பார்த்தாள். முட்டை கையிலிருந்து நழுவியது. “ஐயோ! நீங்கதானே அந்த வாய்!” என்று எழுந்து வந்து பல்மீராவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “உங்க உதட்டப் பாத்தே ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். கனவுல வந்தீங்க.”

தாடையைப் பிடித்துக்கொண்டவளை எப்படி அடிப்பது? பல்மீரா தன் ஆணிக்குரலில், “நீ என் புருஷனக் கெடுத்துட்ட” என்றாள்.

நடந்ததை நான் சொன்னேன். கார்லோத்தா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எங்களை உள்ளே கூட்டிப் போனாள். இருட்டறை, எதிரே சின்னத் திரை. படத்துண்டின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட விடுவார்கள், அதே துண்டு மறுபடி மறுபடி வரும், வாய்க்குப் பேச்சு பொருந்தும் வரை சொல்ல வேண்டும் என்று விளக்கினாள்.

“எங்க அம்மா படத்தப் பாத்துட்டு, நீ எங்கடி இருக்கேன்னு கேட்டா. எனக்கும் எரிச்சல்தான் சோரா பல்மீரா. உங்க மூஞ்சி என்கிட்ட இருந்தா நான் ஏன் இந்த இருட்டுல முட்டை தின்னுக்கிட்டு உக்காந்திருக்கேன்?” என்றாள். “ஆனா ஒண்ணு. அந்த ‘என் உயிரே’ எழுதிக் குடுத்த காகிதத்துலயே இல்ல.”

“அப்படின்னா?”

“நீங்க எண்ணிக்கிட்டே வரீங்க. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. திடீர்னு நிறுத்திட்டீங்க. கண்ணு எங்கயோ பின்னால போகுது. வாய் திறந்தபடியே இருக்கு, அப்புறம் ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் முப்பத்தொன்பதுக்குத் தாவிட்டீங்க. அந்த இடத்துக்கு எங்ககிட்ட வசனமே கிடையாது. வளையத்த எத்தன தடவ ஓட்டியும் எந்த வார்த்தையும் ஒட்டல. கடைசில டைரக்டர், ‘இவ இப்படிப் பாக்கறான்னா என் உயிரேன்னுதான் சொல்லணும், போடு’ன்னாரு. நான் உங்க சிரிப்புக்குச் சட்டை தைச்சேன், அவ்வளவுதான்.” பல்மீரா பக்கம் சாய்ந்து, “யாரப் பாத்தீங்க?” என்று கேட்டாள்.

பல்மீரா யோசித்தாள். முதலில் முகம் சுருங்கியது, பிறகு சிவந்தது. “அட நாசமாப் போறவனே” என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை, நான் கிள்ளிப் பார்த்தும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்னை இழுத்துக்கொண்டு கர்பத்தெல்லா கொட்டகைக்குப் போனாள். கூட்டம், சிகரெட் புகை, தரையெல்லாம் பூசணி விதைத் தோல். அங்கே படம் பார்க்கிறவன் எவனும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. ஒரெஸ்தே நடு வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தான், டிராம் தொப்பி மடியில். அவனுக்கு நேர் பின்னால் எங்களுக்கு இடம் கிடைத்தது. அவன் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பான்? கண்ணை மூடிக்கொண்டிருந்தான். திரையில் அவன் பெண்டாட்டி முகம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, அவன் கண்ணை மூடிக்கொண்டு மற்றவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். பல்மீரா அதைப் பார்த்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

படிக்கட்டுக் காட்சி வந்தது. “மேல வா” என்று கார்லோத்தா குரல் ஆரம்பித்ததும் பல்மீரா எழுந்து நின்று, திரையில் தன் உதடு அசைவதைப் பிடித்து, மீன் கூவுகிற முழுக் குரலில் எண்ண ஆரம்பித்தாள்.

“முப்பத்தொண்ணு! முப்பத்திரண்டு! முப்பத்திமூணு!”

கொட்டகை அதிர்ந்தது. “லாட்டரி நம்பரா அம்மா? மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறோம்!” என்று ஒருவன் கத்தினான். “உக்காருடி மீன்காரி!” என்றான் இன்னொருவன். ஆனால் திரையில் அந்த வாய் அசைவதும் இந்தக் குரலும் அச்சாகப் பொருந்துவதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். “டேய், அவளேதாண்டா இவ!” என்று யாரோ சொன்னார்கள். ஒரெஸ்தே கண்ணைத் திறந்து, திரும்பி, “பல்மீரா, மானம் போகுது” என்றான்.

அவள் அவன் தலையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினாள். “அங்க பாரு. முப்பத்தஞ்சு. முப்பத்தாறு.” நிறுத்தினாள். திரையில் அந்த முகம் மலர்ந்தது. “என் உயிரே” என்றது மற்றவள் குரல்.

“யாரப் பாத்து சிரிக்கிறேன்? சொல்லு.”

“அந்த நடிகனப் பாத்து” என்றான் ஒரெஸ்தே. அப்போதுதான் எனக்கே விளங்கியது, இந்த மனுஷன் மனசிலும் ஒரு பொறாமை கிடந்து எரிந்திருக்கிறது என்று. “என்னைக்காவது என்னை அப்படிப் பாத்திருக்கியா நீ? அதான் கண்ண மூடிக்கறேன். குரல் யாரோடதோ. மூஞ்சி எவனுக்கோ.”

“அந்த ஆளு சாப்பிடப் போயிட்டாருடா மடையா. அங்க ஒரு துடைப்பம் இருந்துச்சு, கூட்டத்துல உனக்குத் தெரியல. துடைப்பத்துக்குப் பின்னால நீ இருந்த. எனக்குன்னு கொண்டுவந்த ரொட்டியப் பிரிச்சு, பசி தாங்காம நீயே தின்னுக்கிட்டு நின்ன. யாரும் பாக்கலன்னு நினைச்சு, தொப்பிய வாய்க்கு மறைவா வச்சுக்கிட்டு.”

ஒரெஸ்தே தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கும் நினைவு வந்தது. முட்டை அடைத்த ரொட்டி, எண்ணெய்க் காகிதம், அவன் கன்னம் உப்பியிருந்தது. நானும் அவனைப் பார்த்தேன்தான். பார்த்துவிட்டு, தீனிப்பண்டாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் கேட்டான்: “முப்பத்தேழும் முப்பத்தெட்டும்?”

“ரெண்டாவது வாய் கடிச்ச. அதுல விட்டுட்டேன்.”

அன்று சாயங்காலமே சவரக் கத்தியும் சட்டைகளும் திரும்பி வந்தன. சட்டைகளைக் கசக்கிக் கொண்டுவந்திருந்தான், மறுபடி நான்தான் இஸ்திரி போட்டேன். பல்மீரா மறுநாள் சந்தையில் கூவியது ஆற்றுக்கரை வரை கேட்டிருக்கும். பதினெட்டு வருஷம் கழித்து அவள் நெஞ்சுச் சளியில் போகிற வரைக்கும் அந்தக் குரல் கொஞ்சமும் தணியவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் மேசையில் ஒரு வக்கீலின் சட்டையை விரித்துப்போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியோடு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்டது, “தின்னு, ஆறிடும்!” என்று அவள் கத்துவது கேட்டது. பிறகு அவன் மெல்லச் சொன்னான்:

“இன்னொரு தடவ எண்ணு.”

“முப்பத்தாறு” என்றாள் பல்மீரா, தகரக் குரலில். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. “முப்பத்தொன்பது.”

அந்த இடைவெளியில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், முற்றத்தில் பார்த்தவள்தானே நான். அந்த இயக்குநர் ஏன் என்னை விட்டுவிட்டு அவள் பின்னால் போனார் என்றும் தெரிந்தது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நானும் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. வக்கீல் சட்டையின் கழுத்துப்பட்டி கருகிவிட்டது.